படிகாரப் பொம்மைக்கு எந்தக் காந்தம்?

சிலாங்கூர் ஆற்று நீர் கோலாலம்பூர்க் குழாய்க்குப் போகும் கதையைப் பொம்மலாட்டமாகப் போடுகிறார்களாம், பெஸ்தாரி ஜெயாவில் ஒரு தமிழ்ப்பள்ளியில். “படிகாரப் பொம்மை வந்து சேற்றை விழுங்குகிறது. சரிதானே?” என்று ஆசிரியை கேட்டிருக்கிறார்.

ஊர் பொருத்தமான ஊர். பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் அந்தத் தோட்டப்புற நகரை ஒட்டி ஓடும் ஆறுதான் கோலாலம்பூரைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பாதிக்கு மேல் தருகிறது. கோலகுபு பாரு அருகே அணையில் திறக்கும் நீர் ஆற்றோடு இறங்கிவர, கீழே நீர்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இறைத்துக்கொள்கின்றன. படிவுத் தொட்டி, மணல் வடிகட்டி, குளோரின் எல்லாம் பாடநூலில் உண்டு. ‘விழுங்குகிறது’ என்பதை மட்டும் மாற்ற வேண்டும்: படிகாரம் சேற்றை விழுங்குவதில்லை, ஒட்டவைக்கிறது.

1 மைக்ரோமீட்டர் களிமண் துகள் அசையாத நீரில் 1 மீட்டர் இறங்கப் பத்து நாளாவது ஆகும். ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்தால் சீக்கிரம் இறங்கும். ஆனால் எல்லாத் துகளுக்கும் ஒரே வகை மின்னூட்டம், அதாவது எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளுகின்றன. படிகாரத்தின் அலுமினியத்துக்கு மூன்று நேர் மின்னூட்டம். அது அந்த விலக்கத்தை அடக்குகிறது. மிஞ்சியது அலுமினிய ஹைட்ராக்சைடாகி, திரிந்த பால்போல் திரண்டு, துகள்களை வாரிக்கொண்டு அடியில் படிகிறது. எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காத காட்சி!

இதை மேடையில் காட்டக் காந்தம் போதும். ஒவ்வொரு களிமண் பொம்மையின் இரு பக்க விளிம்பிலும் வட்டக் காந்தங்களை வடதுருவம் வெளியே பார்க்க ஒட்டுங்கள். படிகாரப் பொம்மைக்குத் தென்துருவம் வெளியே. நூலில் தொங்கவிட்டால் பொம்மை சுழன்று தப்பான பக்கம் ஒட்டிக்கொள்ளும். பொம்மைக்கு இரண்டு சாத்தே குச்சி (இறைச்சி சுடும் மூங்கில் குச்சி) கட்டிப் பிடியுங்கள்.

பக்கத்தில் உண்மையான சோதனையும் இருக்கட்டும். 1 லிட்டர் நீரில் 10 கிராம் படிகாரத் தூளைக் கரையுங்கள். கலங்கல் நீர் ஒரு லிட்டர் வீதம் ஐந்து கண்ணாடிப் புட்டிகள். ஒன்றில் எதுவும் வேண்டாம், மற்றவற்றில் 2, 4, 6, 8 மில்லிலிட்டர் கரைசல். ஒரு நிமிடம் வேகமாகவும், பிறகு 15 நிமிடம் மிக மெதுவாகவும் கலக்கி, அரைமணி அசைக்காமல் வையுங்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் கலங்கலில் ஒளிக்கற்றை தெளிவாகத் தெரியும். நீர் தெளியத் தெளிய மங்கும். கடைசிவரை வேகமாகக் கலக்கினால் திரண்டது உடைந்துவிடும். மழைநீரில் களிமண் கரைத்தால் சில சமயம் திரளவே திரளாது: படிகாரம் அமிலத்தன்மை தரும், அதைத் தாங்கும் காரத்தன்மை மழைநீரில் இல்லை. ஓர் அரிசியளவு வெற்றிலைச் சுண்ணாம்பு சேருங்கள். ஆலைகளிலும் சுண்ணாம்பு சேர்ப்பது இதற்காகவும்தான்.

நாடகத்தில் காந்தமில்லாத ஒரு பொம்மையும் கட்டாயம் வேண்டும். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் ஆற்றில் கலந்த கழிவின் நாற்றத்தால் ஆலைகள் மூடப்பட்டு, ஏறக்குறைய 12 லட்சம் குடிநீர் இணைப்புக் கணக்குகளுக்கு நீர் நின்றது. அந்தக் கழிவு, பெயின்ட் தின்னர் போன்ற கரைப்பான்; நீரில் கரைந்துபோன அதில் படிகாரம் பிடிக்க எதுவுமில்லை, அதனால்தான் காந்தமில்லாத பொம்மை. நாற்றத்தை உறிஞ்சும் கிளர்வூட்டிய கரி (activated carbon) ஓரளவு பிடிக்கும், முழுக்க அல்ல. காந்தத்தால் நீரைச் சீராக்குவதாகச் சொல்லி வீடுவீடாக விற்கும் ‘காந்த நீர்’ கருவிக்குக் கொட்டும் பணம், ஆற்றின் மேல்பகுதியைக் கண்காணிக்கப் போனால் எவ்வளவோ நல்லது. நீரை மோந்து பார்த்து நாற்றத்தின் அளவைக் கணிக்கும் பணியாளர் ஆலைகளில் உண்டு. அவருக்கும் ஒரு பொம்மை செய்யுங்கள். மூக்கு பெரிதாக இருக்கட்டும், கையில் மதகை மூடும் சக்கரம்.