ரேஷன்: சொல்லும் பொருளும்

‘ரேஷன்ல பாமாயில் போடுறாங்க’ என்று பக்கத்து வீட்டில் சொன்னால் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவோம். அது நல்ல செய்தி. 1946 கோடையில் ஒரு பிரிட்டிஷ் குடும்பத்திடம் ‘ரொட்டியையும் ரேஷனில் போட்டுவிட்டார்கள்’ என்று சொல்லியிருந்தால் வீடே இடிந்துபோய் உட்கார்ந்திருக்கும். சொல் ஒன்றுதான். தமிழ்நாட்டில் அது மலிவைக் குறிக்கிறது, அங்கே அது உச்சவரம்பைக் குறித்தது. கையில் எவ்வளவு பணம் இருந்தாலும் அந்த வாரத்துக் கூப்பன் தீர்ந்துவிட்டால் வெண்ணெய் கிடையாது. போருக்குப் பிந்தைய பிரிட்டனைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பலரும் இந்த வேறுபாட்டைச் சொல்லாமலே ‘ரேஷன் முறை’ என்று எழுதிக் கடந்துபோகிறார்கள்.

லத்தீனில் ‘ராத்தியோ’ என்றால் கணக்கு. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, படைவீரனுக்கும் மாலுமிக்கும் நாள்தோறும் அளந்து கொடுக்கும் உணவுக்குப் பெயரானது. விகிதத்தைக் குறிக்கும் ‘ரேஷியோ’வும் விலைவீதத்தைக் குறிக்கும் ‘ரேட்’டும் அதே வேரில் வந்தவை. (இன்றைய பிரிட்டிஷ் உச்சரிப்பில் பெரும்பாலும் ‘ரேஷன்’ இல்லை, ஏறக்குறைய ‘ரஷன்’. இந்திக்காரர்களுக்கு ‘ராஷன்’. நாம் ஏகாரத்தைப் பிடித்துக்கொண்டோம்.) முதல் உலகப்போரின் கடைசி ஆண்டான 1918-ல் இந்தப் பட்டாளத்துச் சொல் பிரிட்டிஷ் சமையலறைக்குள் நுழைந்தது. இரண்டாம் போரில், 1940 ஜனவரி 8 முதல், நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. முதலில் பேக்கன் என்ற உப்பிட்ட பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை. பிறகு இறைச்சி. அந்த ஜூலையில் தேயிலை, ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ், அதாவது 57 கிராம்தான். தேநீர் குடித்தே உயிர்வாழும் நாட்டில் அது எப்படி இருந்திருக்கும் என்று காபி குடிக்கிறவர்களும் ஊகிக்கலாம். 1941 ஜூன் முதல் துணிக்கும் கூப்பன்.

குடும்பத்துக்கு ஒரு அட்டை என்ற வழக்கம் அங்கே இல்லை, ஆளுக்கொரு புத்தகம். பெரியவர்களுக்கு மங்கிய மஞ்சள் நிறம், பள்ளிப் பிள்ளைகளுக்கு நீலம், கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் பச்சை. பச்சைப் புத்தகம் வைத்திருப்பவருக்குப் பாலிலும் பழத்திலும் முன்னுரிமை உண்டு. எந்தக் கடையில் வாங்கப்போகிறோம் என்று முன்கூட்டியே பதிந்துகொள்ள வேண்டும், கடைக்காரர் கூப்பனை வெட்டியோ முத்திரையிட்டோ செல்லாததாக்குவார். அரச குடும்பத்துக்கும் புத்தகம் இருந்தது. 1947-ல் இளவரசி எலிசபெத்தின் திருமணத்துக்குப் பெண்கள் தங்கள் துணிக் கூப்பன்களை அஞ்சலில் அனுப்பினார்கள். ஒருவர் கூப்பனை இன்னொருவர் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்பதால் அத்தனையும் திருப்பி அனுப்பப்பட்டன. ஓட்டையும் இல்லாமல் இல்லை: உணவகத்தில் சாப்பிடக் கூப்பன் வேண்டாம். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 5 ஷில்லிங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று 1942-ல் வரம்பு வைத்தார்கள். ஆனாலும் உணவகத்துக்குப் போக முடிந்தவர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அந்தச் சொல்லின் நிறம் மாறியது போர் முடிந்த பிறகு. ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்த காலத்தில்கூட ரொட்டிக்குக் கட்டுப்பாடு இருந்ததில்லை. வெற்றிவிழா கொண்டாடி ஓராண்டு கழித்து, 1946 ஜூலை 21-ல் அது வந்தது. உலகெங்கும் கோதுமைத் தட்டுப்பாடு. வெளியிலிருந்து வாங்க டாலர் இல்லை. தோற்ற ஜெர்மனியில் தன் வசமிருந்த பகுதிக்கும் பிரிட்டனே சோறுபோட வேண்டியிருந்தது. காரணங்கள் நியாயமானவைதான். ஆனால் வரிசையில் நிற்கிறவருக்கு, ஜெயித்தது யார் என்ற கேள்வி எழாமல் இருக்குமா? போர்க்காலத்தில் ‘எல்லோருக்கும் சமபங்கு’ என்று பொருள்பட்ட சொல், இப்போது ‘அரசாங்கத்தின் பிடி’ என்று ஒலிக்கத் தொடங்கியது. இல்லத்தரசிகள் சங்கம் அமைத்துத் தெருவில் இறங்கினார்கள். ‘ஸ்பிவ்’ என்ற கள்ளச்சந்தைப் பேர்வழி நகைச்சுவை மேடைகளில் நிலையான பாத்திரமானான். 1949 ஏப்ரலில் மிட்டாய்க்குக் கட்டுப்பாட்டை நீக்கிப் பார்த்தார்கள். கூட்டம் அலைமோதியது, ஆகஸ்டிலேயே பழையபடி கூப்பன் வந்துவிட்டது. அந்தக் கூப்பன் ஒழிவதற்கு 1953 பிப்ரவரி 5 வரை காத்திருந்தார்கள் பிள்ளைகள். லேபர் கட்சி 1951-ல் ஆட்சியை இழந்ததற்கு இந்தச் சலிப்பும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். இறைச்சிக்கு இருந்த கட்டுப்பாடு 1954 ஜூலை 4-ல் நீங்கியதோடு எல்லாம் முடிந்தது.

இதே போர்தான் நமக்கும் இந்தச் சொல்லைக் கொண்டுவந்து சேர்த்தது. சென்னை மாகாணத்தில் இருந்த உணவுக் கட்டுப்பாட்டை ராஜாஜி 1952-லேயே, பிரிட்டனுக்கும் முன்பாக, நீக்கினார். பிற்பாடு வந்த கடைகளின் நோக்கம் குறைந்த விலையில் வழங்குவது என்பதால், சொல்லின் பொருள் மலிவின் பக்கம் சாய்ந்தது. அலுவலகத் தமிழில் அது ‘நியாய விலைக் கடை’, ‘குடும்ப அட்டை’. கடையைப் பொறுத்தவரை இவை சரியான சொற்களே. ஆனால் இவற்றில் அளவு என்ற கருத்தே இல்லை. இலங்கையில் மக்கள் ‘கூப்பன் கடை’, ‘கூப்பன் அரிசி’ என்றார்கள். அதில் சீட்டாவது மிஞ்சியிருக்கிறது.

அப்படியென்றால் பிரிட்டிஷ் பொருளுக்கு எது தமிழ்? படைவீரருக்குத் தரும் உணவுக்குப் ‘படி’ அருமையாகப் பொருந்தும். அளக்கும் படியும், பஞ்சப்படி, பயணப்படி என்பதிலுள்ள படியும், ‘படியளப்பவன்’ என்று கடவுளைச் சொல்வதும் சேர்ந்து அந்த லத்தீன் ‘கணக்கை’ அப்படியே தருகின்றன. நாடு தழுவிய திட்டத்துக்குப் ‘பங்கீடு’ என்பது புழக்கத்தில் உள்ள சொல். ஆனால் தனியே நின்றால் அண்ணன் தம்பி சொத்துப் பிரிப்பதும் பங்கீடுதான், ஆற்றுநீரும் பங்கீடுதான். முதல் இடத்தில் ‘அளவுப் பங்கீடு’ என்று எழுதிவிட்டு, பிறகு ‘பங்கீடு’ என்று சுருக்கிக்கொள்வது நல்லது. குறளில் வரும் ‘பாத்தூண்’ என்ற சொல்லைச் சிலர் ஆசையோடு முன்மொழியலாம். அழகான சொல்தான், ஆனால் அது மனமுவந்து பகிர்ந்துண்பது. உணவு அமைச்சகம் கத்தரித்துக் கொடுத்ததற்கு அந்தப் பெயர் சூட்டினால் வள்ளுவருக்கும் நியாயமில்லை, பிரிட்டிஷ் இல்லத்தரசிக்கும் நியாயமில்லை.

புத்தகத்தைப் ‘பங்கீட்டுப் புத்தகம்’ எனலாம், ‘அட்டை’ என்றால் நம் ஊர் அட்டைதான் நினைவுக்கு வரும். கூப்பனைக் கூப்பனாகவே விட்டுவிடுங்கள். ‘பற்றுச்சீட்டு’ என்று மாற்றினால் இலங்கை வாசகர்கள் ரசீது என்று எடுத்துக்கொள்வார்கள்.