கமாண்ட் ரெஸ்பான்ஸிபிலிட்டி: ‘கட்டளைப் பொறுப்பு’ என்று எழுதலாமா?

கைதியை அடித்தவர் காவலுக்கு நின்ற சிப்பாய். அடிக்கச் சொல்லி யாரும் அவரை ஏவவில்லை. முகாமின் தலைமை அதிகாரி மீது வழக்குத் தொடுக்க முடியுமா? முடியும். அதற்கு இடம் கொடுக்கும் சட்டக் கோட்பாட்டின் பெயர் கமாண்ட் ரெஸ்பான்ஸிபிலிட்டி.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘கட்டளைப் பொறுப்பு’ என்று வரும். அப்படி எழுதினால், கட்டளை இட்டவர் அதற்குப் பொறுப்பாவார் என்றே படிப்பவர் புரிந்துகொள்வார். கட்டளை இட்டவரைத் தண்டிக்கத் தனிக் கோட்பாடு எதற்கு? ஏவியவர் என்ற முறையில் அவர் நேரடிக் குற்றவாளி. எந்தக் கட்டளையும் இடாமல், நடப்பதைத் தடுக்கவும் செய்யாமல் இருந்தவரைப் பற்றியது இந்தக் கோட்பாடு. ஆகவே அந்தப் பெயர்ப்பு பொருளைத் தலைகீழாக்கிவிடுகிறது.

‘கமாண்ட்’ லத்தீனிலிருந்து வந்தது. கை என்னும் பொருள்படும் ‘மானுஸ்’, கொடு என்னும் பொருள்படும் ‘தாரே’ இரண்டும் சேர்ந்து ‘மந்தாரே’ ஆயின: கையில் கொடுத்தல், ஒப்படைத்தல். ‘ரெஸ்பான்ஸிபிலிட்டி’யின் வேர் ‘ரெஸ்பொந்தேரே’, அதாவது பதில் சொல்லுதல். ஒப்படைக்கப்பட்டதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பதே சொற்களின் அடிப்பொருள். தமிழின் ‘பொறுப்பு’ வேறு வழியில் வருகிறது. அதன் வேர் ‘பொறு’: சுமத்தல், தாங்குதல். இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. சிக்கல் ‘கட்டளை’யில்தான். கமாண்ட் என்பதற்கு ஆணை, ஆணையிடும் அதிகாரம், அந்த அதிகாரத்துக்கு உட்பட்ட படை என மூன்று பொருள் உண்டு. கட்டளைக்கு முதல் பொருள் மட்டுமே பொருந்தும்.

சட்டத்தில் இதன் விதை, தரைப்போர் நடத்தும் முறை பற்றிய 1907 ஹேக் விதிமுறைகளில் இருக்கிறது. தன் கீழ் உள்ளவர்களுக்குப் பொறுப்பான ஒருவர் தலைமை தாங்க வேண்டும் என்பது படை எனக் கருதப்படுவதற்கான நிபந்தனைகளுள் ஒன்று. 1949 மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 12ஆம் பிரிவு, போர்க்கைதி அவரைப் பிடித்த சிப்பாயின் கையிலோ படைப்பிரிவின் கையிலோ இல்லை, எதிரி அரசின் கையில் இருக்கிறார் என்கிறது. இங்கும் அந்தக் ‘கை’தான். தனிநபர் குற்றம் ஒருபுறம் இருக்க, அரசும் பதில் சொல்ல வேண்டும். 39ஆம் பிரிவின்படி ஒவ்வொரு முகாமும் வழக்கமான ஆயுதப்படையைச் சேர்ந்த ஓர் அதிகாரியின் நேரடி அதிகாரத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தின் பிரதி அவரிடம் இருக்க வேண்டும். அதன் விதிகள் முகாம் ஊழியர்களுக்கும் காவலர்களுக்கும் தெரிந்திருப்பதை அவர் உறுதிசெய்ய வேண்டும். ‘எனக்கு விதி தெரியாது’ என்ற சாக்குக்கு இடமே இல்லை.

இரண்டாம் உலகப் போரில் பிலிப்பைன்ஸில் ஜப்பானியப் படைகள் செய்த கொடுமைகளுக்காக அவற்றின் தளபதி யமஷிட்டா மணிலாவில் அமெரிக்க இராணுவ ஆணையத்தால் விசாரிக்கப்பட்டு, 1945 டிசம்பர் 7இல் மரண தண்டனை பெற்றார். படையைக் கட்டுப்படுத்தத் தவறினார் என்பதே குற்றச்சாட்டு. அவருக்கு அந்தக் கொடுமைகள் தெரிந்திருந்தன என்பது நிறுவப்படவில்லை என்ற கண்டனம் இன்றும் உண்டு; அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலேயே இரு நீதிபதிகள் மாறுபட்டனர். அந்தக் கண்டனம் நியாயமானது. பின்னால் வந்த சட்டங்கள் ‘அறிவு’, அதாவது குற்றம் மேலதிகாரிக்குத் தெரிந்திருத்தல் என்ற கூற்றினை வெளிப்படையாகச் சேர்த்தன: ஜெனீவா ஒப்பந்தங்களுக்கான 1977 கூடுதல் நெறிமுறையின் 86ஆம் பிரிவும், சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய 1998 ரோம் சாசனத்தின் 28ஆம் பிரிவும்.

இன்று வழக்குத் தொடுக்கும் தரப்பு மூன்றை நிறுவ வேண்டும். குற்றம் செய்தவர் மீது அதிகாரிக்கு நடைமுறைக் கட்டுப்பாடு இருந்தது. அவருக்குத் தெரியும், அல்லது தெரிந்திருக்க வேண்டும். தடுக்கவோ தண்டிக்கவோ தன்னால் இயன்ற, நியாயமான நடவடிக்கையை அவர் எடுக்கவில்லை. முதலாவதிலேயே வழக்கு சறுக்கிவிடலாம். தோள்பட்டைச் சின்னம் மட்டும் போதாது. காவல் முறையை வகுப்பது யார், காவலரை விலக்கவும் தண்டிக்கவும் வல்லவர் யார், புகார் யாரிடம் போனது என்று பார்க்க வேண்டும். போஸ்னியாவின் செலெபிச்சி முகாம் வழக்கில் (1998) நடந்தது இதுவே. முகாம் தலைவர் முசிச் இந்தக் கோட்பாட்டின்படி தண்டிக்கப்பட்டார். துணைத் தலைவர் டெலிச்சுக்குக் காவலர் மீது அத்தகைய அதிகாரம் இருந்ததாக நிறுவப்படவில்லை. தன் கையால் செய்த குற்றங்களுக்காகவே அவர் தண்டனை பெற்றார். முகாமுக்கு மேலே இருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட டெலாலிச் விடுதலையானார்.

அதிகாரம் இரண்டாகப் பிரிந்தால் பதில் சொல்ல யாரும் மிஞ்சமாட்டார்கள். ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்கச் சிப்பாய்கள் கைதிகளை வதைத்தனர். அங்கே காவல் இராணுவப் போலீசிடமும் விசாரணை உளவுப் பிரிவிடமும் இருந்தன. 2003 நவம்பரில் சிறை உளவுப் பிரிவுத் தளபதியின் கட்டுப்பாட்டுக்கு மாற்றப்பட்டது. அந்த ஏற்பாடே தவறு என்று, வதைகளை விசாரித்த அமெரிக்கத் தளபதி டகூபாவின் அறிக்கை கூறியது. கடைசியில் சிறை சென்றவர்கள் கீழ்நிலைச் சிப்பாய்கள். காவல் படையணித் தலைவி தலைமையிலிருந்து நீக்கப்பட்டு, ஒரு படி பதவி இறக்கப்பட்டதோடு சரி. சட்டம் எதற்காக எழுதப்பட்டதோ அதுவே அங்கு நிகழாமல் போனது. இதைச் சாதாரணமாகக் கடந்துபோகக் கூடாது.

இதோடு குழப்பப்படும் இன்னொரு கோட்பாடு, ‘மேலிடத்து ஆணைப்படி செய்தேன்’ என்ற சிப்பாயின் எதிர்வாதம். அதை ‘மேலாணை வாதம்’ எனலாம். அது கீழே இருப்பவர் மேலே கை காட்டுவது. நம் சொல்லோ மேலே இருப்பவரிடம் கேள்வி கேட்பது. ஒன்று மற்றொன்றை ரத்து செய்யாது. இருவரும் சேர்ந்தே தண்டிக்கப்படலாம்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘தலைமைப் பொறுப்பு’, ‘தளபதிப் பொறுப்பு’ இரண்டும் பதவியைக் குறித்துவிடும்: ‘தளபதிப் பொறுப்பை ஏற்றார்’ என்றால் பதவி ஏற்றார் என்றே பொருள். அதோடு ரோம் சாசனம் குடிமைத் துறை மேலதிகாரிகளையும் உள்ளடக்குவதால் ‘தளபதி’ போதாது. ‘மேலதிகாரிக் குற்றப்பொறுப்பு’ என்பது பொருத்தம். ‘குற்றம்’ சேர்ந்ததும் பதவி என்ற மயக்கம் நீங்குகிறது. ‘மேலதிகாரி’ இருதரப்பையும் தழுவுகிறது. ‘கைதிகள் வதைக்கப்படுவது தெரிந்தும் தடுக்காத முகாம் தலைவர் மீது மேலதிகாரிக் குற்றப்பொறுப்பு சுமத்தப்பட்டது’ என எழுதிப் பாருங்கள். அவர் கட்டளையிட்டார் என்று யாரும் தவறாகப் படிக்கமாட்டார்கள்.