விண்ட் வேனில் ஆட்டோபைலட்டைப் பூட்டும் முன்

மொரீஷியஸின் போர்ட் லூயியிலிருந்து ரீயூனியன் தீவுக்குச் சுமார் 130 கடல்மைல். தென்கிழக்குக் காற்று சீராக அடிக்கும்வரை பாய்மரப் படகை விண்ட் வேனே (காற்றின் திசைக்கேற்பச் சுக்கானைத் தானே திருப்பும் கருவி) பார்த்துக்கொள்ளும். ரீயூனியனின் மேற்குப் பக்கம் போனால் நிலைமை வேறு. 3,000 மீட்டரைத் தாண்டிய மலை காற்றை மறித்துவிடும். எஞ்சினைப் போட்டால் படகின் வேகமே எதிர்க்காற்றாகி வேனைக் குழப்பும். அப்போதுதான் சின்ன டில்லர் பைலட்டை (சுக்கான் பிடியைத் தள்ளி இழுக்கும் மின்சார ஆட்டோபைலட்) வேனோடு இணைப்பது கைகொடுக்கிறது.

படகு மின்வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான்: கனமான படகின் சுக்கானில் நேராகப் பூட்டிய சிறிய பைலட் விடிய விடிய மல்லுக்கட்டும், பேட்டரி இறங்கிப்போகும், மோட்டாரும் போய்விடும். தண்ணீரில் ஒரு துடுப்பு தொங்கும் வகை வேனில் பூட்டினால் பைலட் லேசான தண்டை அசைத்தால் போதும். துடுப்பு கொஞ்சம் திரும்பியதும் ஓடும் தண்ணீர் அதைப் பக்கவாட்டில் தள்ள, அந்த விசை கயிறு வழியாகச் சுக்கானுக்குப் போகிறது. உழைப்பது தண்ணீர்தான். அதனால் படகு நகராமல் நின்றால் இதுவும் வேலை செய்யாது.

வேனில் காற்றை வாங்கும் பலகையைக் கழற்றிவிட்டுத்தான் பைலட்டைப் பூட்ட வேண்டும். இல்லையென்றால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். அப்புறம், பைலட் தள்ளும் திசை சரியா என்று அமைதியான தண்ணீரில் பாருங்கள். தலைகீழாக இருந்தால் செட்டிங்கில் மாற்றலாம். பைலட்டுக்குள்ளேயே திசைகாட்டி இருக்கிறது. பின்பக்கம் வைக்கும் இரும்பு கேஸ் சிலிண்டரும் ஸ்பீக்கரும் அதைத் திசைமாற்றிவிடும். ஒயர் தடிமனாக இருக்கட்டும், பியூஸ் கட்டாயம்.

நான் மிகவும் அஞ்சுவது வேறொன்றை. வேன் காற்றைப் பின்தொடரும். காற்று திரும்பினால் படகும் கூடவே திரும்பும், பாய்க்கு ஆபத்தில்லை. பைலட்டோ திசைகாட்டியை மட்டுமே பார்க்கும். பின்காற்றில் பாய் விரித்துப் போகும்போது காற்று திசை மாறினாலும் அது பழைய திசையிலேயே பிடிவாதமாகப் போகும். பாயின் அடியில் இருக்கும் நீளக் கழியான பூம் ஒரு வீச்சில் மறுபக்கம் பாயும். அங்கே ஒருவர் நின்றிருந்தால் உயிருக்கே ஆபத்து. வேனில் பூட்டியிருப்பதால் அது காற்றையும் கவனிக்கும் என்று பலர் நம்புகிறார்கள், கவனிக்காது. பின்காற்றில் பூமைக் கயிற்றால் முன்னோக்கி இழுத்துக் கட்டுங்கள், காவலுக்கு ஒருவர் விழித்திருக்கட்டும். பைலட்டை இருட்டில் ஒரே கையால் விடுவிக்க முடிகிறதா என்று துறையில் கட்டியிருக்கும்போதே எல்லாரும் பழகிக்கொள்ளுங்கள்.