டி.டி. ஊசி போட்டாச்சு, அப்புறம் என்ன டாக்டர்?

நான்கு நாள் காய்ச்சலோடு ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனை அவன் அம்மா அழைத்து வந்தார். கண் சிவந்திருந்தது. கெண்டைக்காலைத் தொட்டாலே கத்தினான். தண்ணீரில் எங்காவது இறங்கினாயா என்று கேட்டால், இல்லை என்று தலையாட்டினான். மறுபடி கேட்ட பிறகுதான் வந்தது: பத்து நாளுக்கு முன் 'கடலைக் காப்போம்' என்று பள்ளியில் சேலத்தில் ஓடும் திருமணிமுத்தாற்றுக்குக் குப்பை அள்ளக் கூட்டிப்போயிருக்கிறார்கள். வெறுங்கால். பாதத்தில் கண்ணாடி கீறியிருக்கிறது.

"அன்னிக்கே டி.டி. ஊசி போட்டாச்சு டாக்டர்" என்றார் அம்மா.

எலிக்காய்ச்சல். பிழைத்துக்கொண்டான். இந்த மழைக்காலத்தில் இப்படி என்னிடம் வந்த மூன்றாவது பிள்ளை இவன், அதனால்தான் எழுதுகிறேன்.

டி.டி. ஊசி ரணஜன்னிக்கானது (டெட்டனஸ்). ரணஜன்னிக்கு மட்டும். சேலத்தில் அதைச் சர்வரோக நிவாரணி ஆக்கிவைத்திருக்கிறோம். ஆணி குத்தினாலும் டி.டி., சாக்கடையில் விழுந்தாலும் டி.டி. எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீரில் வருவது. கீறல் வழியாகப் போகும், கண்ணில் தெறித்தாலும் போகும், நெடுநேரம் ஊறிய தோல் வழியாகவும் போகும். அதை அந்த ஊசி தடுக்கவே தடுக்காது. சொல்லப்போனால் 10 வயதிலும் 16 வயதிலும் ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் (டிப்தீரியா) சேர்த்து அரசே ஊசி போடுகிறது. பாதிப் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைப் பார்த்தால் இன்னொன்று தேவையே இருக்காது. எந்த அம்மா அட்டையைக் கொண்டுவருகிறார்?

சேலத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று பிள்ளைகளைக் கேலி செய்பவர்களோடு நான் சேரவில்லை. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு நம் ஊர்க் கழிவையெல்லாம் வாங்கிக்கொண்டு நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. காவிரி பூம்புகாரில் கடலில் சேர்கிறது. ஏற்காட்டில் வீசிய தின்பண்ட உறைக்கும் அதே வழிதான். பிள்ளைகள் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களை ஆற்றுக்குள் இறக்கிப் போட்டோ எடுக்கும் பெரியவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

ஆசிரியர்களே, தயவுசெய்து கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதுவும் மழை பெய்து ஓய்ந்த வாரத்தில் கரைக்குக்கூட வேண்டாம். மூடிய ஷூ, தடித்த ரப்பர் கையுறை. மளிகைக் கடையில் வாங்கிய பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொள்வது கையுறை ஆகாது (தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்து அந்தப் பைக்கே தடை என்பது வேறு கதை). காலில் புண் இருக்கும் பிள்ளை கணக்கெழுதட்டும். எந்தக் குப்பை எத்தனை கிடந்தது என்ற அந்த நோட்டுதான் மாநகராட்சியிடம் போய்க் கேட்க உதவும், மூட்டை அல்ல. ஊசி, மருந்துக் குப்பி கண்ணில் பட்டால் யாரும் தொடக்கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகால் கழுவாமல் யாருக்கும் வடை கொடுக்காதீர்கள்.

பெற்றோருக்கு ஒன்றுதான். எலிக்காய்ச்சல் அன்றே வராது. ஒன்றிரண்டு வாரம், சில சமயம் ஒரு மாதம்கூட ஆகும். அதற்குள் காய்ச்சல் அடித்தால் டாக்டரிடம் முதல் வார்த்தையே "ஆத்துத் தண்ணியில இறங்கினான்" என்பதாக இருக்கட்டும். நாங்களாகக் கேட்போம் என்று காத்திருக்காதீர்கள். டெங்கு சீசனில் ஓ.பி. வரிசை வாசலைத் தாண்டும்போது நாங்களும் கேட்க மறந்துவிடுகிறோம்.