பிரிஸ்மா பாய்வுப்படம்: எண்கள் எங்கே நழுவுகின்றன?

ஒரு கேள்வி பற்றி வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் தேடித் தொகுப்பது முறைசார் மீளாய்வு, அதாவது சிஸ்டமேட்டிக் ரிவ்யூ. அதை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் நெறிகள்தான் பிரிஸ்மா; எத்தனை கிடைத்தன, எத்தனை விலகின, எத்தனை தேறின என்று பெட்டிகளில் காட்டுவது அதன் பாய்வுப்படம். மீளாய்வு செய்யும் குழுக்கள் பெரும்பாலும் இந்தப் படத்தைக் கடைசி வாரத்தில்தான் வரைகின்றன. பெட்டிகளில் போட எண்களைத் தேடும்போதுதான், எம்பேஸ் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்திலிருந்து முதலில் எத்தனை பதிவுகள் இறங்கின என்ற கணக்கு யாரிடமும் இல்லை என்று தெரியவரும். ஒன்றுக்கு மேற்பட்ட தரவுத்தளங்களில் வந்த நகல்களை நீக்கிய பிறகான கோப்பு மட்டும் மிஞ்சியிருக்கும். திரும்பத் தேடினாலும் அதே எண் வராது. தரவுத்தளம் அதற்குள் வளர்ந்திருக்கும். இந்தப் படத்துக்கான வேலையைத் தேடலின் முதல் நாளே தொடங்கிவிட வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

இப்படியொரு படத்தை 1999இல் வந்த குவோரம் என்ற முந்தைய நெறி அறிக்கையே கேட்டிருந்தது. அதன் வழிவந்த பிரிஸ்மா 2009இல் நான்கு கட்டப் படத்தைத் தந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2021இல் வெளியான பிரிஸ்மா 2020. அதன் 27 அம்சப் பட்டியலில் 16ஆவது அம்சம் ஆய்வுத் தேர்வைப் பற்றியது. புதிய படத்தில் அடையாளம் காணல், வடிகட்டல், சேர்த்தல் என மூன்றே கட்டங்கள். பழைய வார்ப்புருவை எங்கிருந்தோ நகலெடுத்துவிட்டு ‘பிரிஸ்மா 2020இன்படி’ என்று எழுதும் கட்டுரைகள் இன்னும் வருகின்றன. தகுதி பார்த்தல் என்று தனிக் கட்டம் இருந்தாலே அது பழைய படம்.

குழப்பத்தின் வேர் மூன்று சொற்களில் இருக்கிறது: பதிவு, அறிக்கை, ஆய்வு. தரவுத்தளத்தில் தலைப்பும் சுருக்கமுமாகக் கிடைப்பது பதிவு. முழுதாகப் படிக்கக் கிடைக்கும் ஆவணம் அறிக்கை. இதழ்க் கட்டுரை, மாநாட்டுச் சுருக்கம், ஆய்வேடு எதுவாகவும் இருக்கலாம். உண்மையில் மனிதர்களைச் சேர்த்து நடத்தப்பட்டது ஆய்வு. ஒரே மருந்துச் சோதனை ஆறாம் மாத முடிவை ஒரு கட்டுரையிலும், இரண்டாம் ஆண்டு முடிவை இன்னொன்றிலும், ஆய்வுத் திட்டத்தை (புரோட்டோகால்) மூன்றாவதிலும் வெளியிட்டிருந்தால் அது மூன்று அறிக்கைகள், ஒரே ஆய்வு. இதைக் கவனிக்காமல் மூன்று ஆய்வுகளாக எண்ணினால் படம் மட்டுமா கெடும்? அதே நோயாளிகள் பகுப்பாய்விலும் இருமுறை நுழைந்துவிடுவார்கள். மருந்துச் சோதனைகளைப் பதியும் பதிவேட்டில் உள்ள எண், ஆய்வு நடந்த இடம், சேர்க்கைக் காலம், பங்கேற்றோர் எண்ணிக்கை ஆகியவற்றை ஒப்பிட்டு அறிக்கைகளை ஆய்வுவாரியாகக் கட்டிவைப்பதை, தரவெடுப்புக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தரவுத்தளங்களில் பப்மெட் 1,240, எம்பேஸ் 1,610, சென்ட்ரல் 385; சோதனைப் பதிவேடு 65. மொத்தம் 3,300 பதிவுகள். நகல்கள் 1,090 போக, 2,210 வடிகட்டலுக்கு வருகின்றன. தலைப்பையும் சுருக்கத்தையும் பார்த்து விலக்கியவை 2,058. மீதி 152 அறிக்கைகளின் முழு வடிவத்தைத் தேடுகிறோம்; 9 கிடைக்கவில்லை. படித்தவை 143, விலக்கியவை 119, தேறியவை 24. மேற்கோள் பட்டியல்களை அலசியதில் இன்னொரு 18 அறிக்கைகள். ஒன்று கிடைக்கவில்லை, 17இல் 12 விலக்கம், 5 சேர்க்கை. இந்த 18ம் வலப்பக்கத் தனி நெடுவரிசையில் வரும், 3,300இல் சேராது. முடிவில் 29 அறிக்கைகள். அவற்றைக் கட்டிப் பார்த்தால் 23 ஆய்வுகள். கடைசிப் பெட்டியில் இரண்டு எண்களும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கழித்தலையும் படத்தை மட்டும் பார்த்தே வாசகர் போட்டுப் பார்க்க முடிய வேண்டும்.

முழு வாசிப்பில் விலக்கிய அந்த 119இல்தான் அதிகத் தவறு நடக்கிறது. சுருக்கத்தைப் பார்த்து விலக்கியவற்றுக்குக் காரணம் எழுத வேண்டியதில்லை. முழுதாகப் படித்து விலக்கிய ஒவ்வொன்றுக்கும் காரணம் வேண்டும், ஒன்றுக்கு ஒன்றுதான். ஓர் அறிக்கைக்கு இரண்டு காரணம் குறித்தால் கூட்டுத்தொகை 119ஐத் தாண்டும். இதற்கு வழி, காரணங்களை முன்கூட்டியே வரிசைப்படுத்துவது: முதலில் ஆய்வு வடிவம், பிறகு பங்கேற்பாளர், தலையீடு, ஒப்பீடு. மேலிருந்து வரும்போது முதலில் எது பொருந்தவில்லையோ அதையே குறியுங்கள். இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து ‘விலக்கு’ என்பதில் ஒத்துப்போனாலும், காரணத்தில் வேறுபடுவது சகஜம். அதையும் பேசித் தீர்த்துப் பதிவு செய்ய வேண்டும்.

‘எங்களுக்கு வேண்டிய விளைவு அறிவிக்கப்படவில்லை’ என்ற காரணத்தைப் பார்த்தாலே நாங்கள் நின்றுவிடுவோம். விளைவை அளந்து, சாதகமாக வராததால் எழுதாமல் விட்டிருக்கலாம். அந்த ஆய்வை வெளியே தள்ளினால் அந்தச் சாய்வு உங்கள் மீளாய்வுக்குள் வந்துவிடும். விளைவுத் தரவு இல்லை என்பதற்காக மட்டும் விலக்கக் கூடாது என்று முறைசார் மீளாய்வுகளுக்கான கோக்ரேன் கையேடு சொல்வதும் இதற்காகத்தான். ஆய்வைச் சேர்த்துக்கொண்டு, தரவு இல்லை என்று குறிப்பதே நேர்மை.

கிடைக்காத 9 அறிக்கைகளை விலக்கியவற்றோடு கலந்துவிடாதீர்கள். அவை தகுதியற்றவை என்று யாரும் தீர்மானிக்கவில்லை. நூலகத்திலும், ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பியும் முயன்ற தேதிகளைக் குறித்துவைத்தால் போதும்.

நகல் நீக்கத்தில் மென்பொருளை முழுதாக நம்ப வேண்டாம். ஒரே தலைப்பில் வந்த மாநாட்டுச் சுருக்கத்தையும் முழுக் கட்டுரையையும் நகல் என்று அழித்துவிடும். இதழின் பெயர் ஒன்றில் சுருக்கமாகவும் இன்னொன்றில் முழுதாகவும் இருந்தால் உண்மையான நகலை விட்டுவிடும். வடிகட்டும்போது தப்பிய நகல் ஒன்று கண்ணில் பட்டால் அதை ‘விலக்கியவை’யில் போடாமல் நகல் எண்ணிக்கையில் கூட்டி, வடிகட்டிய எண்ணிக்கையிலிருந்து கழியுங்கள்.

கூகுள் ஸ்காலர் ‘ஏறத்தாழ’ என்று காட்டும் ஆயிரக்கணக்கான எண் படத்துக்கு உதவாது. முதல் 200 முடிவுகளைப் பார்த்தீர்கள் என்றால் 200 என்று எழுதி, அந்த வரம்பை முறைகள் பகுதியில் சொல்லுங்கள். தானியங்கிக் கருவி எதையாவது ஒதுக்கியிருந்தால், மனிதர் விலக்கியது எத்தனை, கருவி விலக்கியது எத்தனை என்று பிரித்துக் காட்டும்படி பிரிஸ்மா 2020 கேட்கிறது.

இதற்கெல்லாம் பெரிய கருவி தேவையில்லை. தரவுத்தளத்தின் பெயர், தேடிய தேதி, கிடைத்த எண்ணிக்கை, கோப்பின் பெயர் என்று ஒரு எக்செல் தாள். இறக்கிய மூலக்கோப்புகள் தொடாமல் தனி அடைவில். ரய்யான், கோவிடென்ஸ் போன்ற வடிகட்டல் மென்பொருள்கள் நடுக்கட்டங்களை எண்ணித் தரும், ஆனால் அவற்றில் ஏற்றும் முன்பே நகல் நீக்கியிருந்தால் அந்த எண் அவற்றுக்குத் தெரியாது. சமர்ப்பிக்கும் முன் தேடலைப் புதுப்பித்தால் அதற்கும் தாளில் புது வரிசைகள் போடுங்கள். முதல் தேடலில் வந்தவையே இரண்டாம் முறையும் வரும். அவற்றை நகலாகக் கழித்து, இரண்டு தேடல்களின் எண்களையும் ஒரே படத்தில் கூட்டிக் காட்டி, இரண்டு தேதிகளையும் படத்தின் அடியில் எழுதுங்கள்.