யாழ்ப்பாணத்தில் ஓடும் கார் நாகோயாவில் திரும்புகிறது

சித்தப்பா வீட்டுக்கு ஜப்பானில் இருந்து வந்த கார் அது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தியதும் ஒரு பெண் குரல் "கார்டோ கா சோன்யூ சரேதே இமாசென்" என்று பணிவாகச் சொல்லும். திரையில் நாகோயா துறைமுகத்தின் வரைபடம், அதில் ஒரு அம்புக்குறி. நாங்கள் காரை எடுத்துக்கொண்டு சுன்னாகம் பக்கம் போனோம், இடது பக்கம் திரும்பியபோது நாகோயாவில் அந்த அம்பும் இடது பக்கம் திரும்பியது, சந்தியில் நின்றால் அதுவும் நின்றது, கொஞ்ச நேரத்தில் ஜப்பான் கடலோரத்தைத் தாண்டித் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது.

"ஜிபிஎஸ் பழுதாப் போச்சு, மாத்தவேணும்" என்று கராஜில் சொன்னார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிடப்பட்ட பிறகு, இதே பேச்சை நான் பல வீடுகளில் கேட்கிறேன். பழுது இல்லாத அன்டெனாவைக் கழற்றிப் புதிது போட்டுக் காசைக் கொட்டியவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். நேவிகேஷன் என்று நாம் சொல்லும் அந்தப் பெட்டிக்குள் மூன்று வேறு வேறு வேலைகள் நடக்கின்றன: செய்மதியைக் கேட்பது, காரின் அசைவை எண்ணுவது, வரைபடத்தோடு பொருத்துவது. எது நின்றுபோனது என்று பார்க்காமல் வயரில் கை வைக்கக் கூடாது.

முதலில் செய்மதி. ஜிபிஎஸ் செய்மதிகள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன, அவற்றின் சைகை நம்மிடம் வர ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் போதும். குறைந்தது நான்கு செய்மதிகளின் நேரத்தை ஒப்பிட்டுத்தான் கார் தன் இடத்தைக் கணக்கிடுகிறது, கணக்கில் ஒரு மைக்ரோ நொடி பிசகினால் தரையில் 300 மீட்டர் தள்ளிப்போய்விடும். இந்தச் சைகை உலகம் முழுக்க ஒன்றுதான். ஜப்பானுக்கென்று செய்த ஜிபிஎஸ் றிசீவர் யாழ்ப்பாணத்தில் கேட்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் அதற்கு அவகாசம் கொடுக்க வேண்டும். கப்பலில், யார்டில், அம்பாந்தோட்டைத் துறைமுகத்தில் என்று வாரக்கணக்கில் நின்ற காரின் நினைவில் இருப்பது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு வானம். எந்தச் செய்மதி எங்கே நிற்கும் என்ற அதன் பழைய பட்டியல் இங்கே உதவாது. புதிய பட்டியலைச் செய்மதியே அனுப்பும், நொடிக்கு வெறும் 50 பிட் வேகத்தில். முழுப் பட்டியலும் வந்து சேர 12.5 நிமிடம். நடுவில் சைகை அறுந்தால் விட்ட பகுதிக்குத் திரும்பக் காத்திருக்க வேண்டும். ஆகவே மாமரத்துக்குக் கீழும் தகரக் கொட்டிலுக்குள்ளும் வைத்துச் சோதிக்காதீர்கள். வெட்டவெளியில் எஞ்சினை ஓடவிட்டு இருபது, முப்பது நிமிடம் பொறுங்கள். கண்ணாடியில் உலோகம் கலந்த கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால் அதுவும் சைகையைக் குறைக்கும்.

றிசீவர் உயிரோடு இருக்கிறதா என்று அறிய எனக்குப் பிடித்த வழி மணிக்கூடு. பல ஜப்பான் பெட்டிகள் நேரத்தைச் செய்மதியில் இருந்தே எடுக்கின்றன. எங்கள் வீட்டு மணிக்கூட்டில் மாலை 4 மணி, கார் 7.30 என்று காட்டியது. ஜப்பான் நேரம் நமக்கு மூன்றரை மணி முன்னால், நிமிடம் கூடப் பிசகவில்லை. நாம் கையால் மாற்றி வைத்தாலும் கொஞ்ச நேரத்தில் திரும்பவும் ஜப்பான் நேரத்துக்கே ஓடியது. பழுது என்று சொல்லப்பட்ட அந்த றிசீவர், செய்மதி சொன்ன நேரத்தைக் கேட்டு ஜப்பானுக்கு ஏற்றபடி மாற்றிக் காட்டிக்கொண்டிருந்தது!

பழைய கார்களில் நேரம் சரியாக இருந்தும் திகதி இருபது வருடம் பின்னால் நிற்கலாம். ஜிபிஎஸ் வாரங்களை 0 முதல் 1023 வரைதான் எண்ணும், பிறகு மீண்டும் பூச்சியம். 1024 வாரம் என்றால் 19 வருடமும் ஏழு மாதமும் சொச்சமும். 1999 ஆகஸ்ட்டிலும் 2019 ஏப்ரலிலும் இப்படிச் சுற்றியது. மென்பொருள் பழையதாக இருந்தால் எந்தச் சுற்றில் நிற்கிறோம் என்று பெட்டிக்குத் தெரியாது.

சரி, செய்மதி கேட்கிறது என்றால் அம்பு ஏன் நாகோயாவில் ஓடுகிறது? இங்கேதான் அடுத்த வேலை வருகிறது. சுரங்கத்துக்குள் செய்மதி கிடைக்காது, ஜப்பானிலோ சுரங்கங்கள் ஏராளம். அதனால் காரே தன் அசைவை எண்ணிக்கொள்கிறது. சக்கரம் சுழலச் சுழல, பெரும்பாலான ஜப்பான் கார்களில் ஒரு கிலோமீட்டருக்கு 2,500 மின்துடிப்புக்கு மேல் பெட்டிக்குப் போகும், அதாவது ஏறத்தாழ ஒரு முழத்துக்கு ஒன்று. திரும்பும் கோணத்தை உள்ளே இருக்கும் கைரோ சொல்லும். கடைசியாகத் தெரிந்த இடத்தில் இருந்து இவ்வளவு தூரம், இந்தப் பக்கம் என்று கூட்டிக்கொண்டே போனால் இப்போதைய இடம் வந்துவிடும். சித்தப்பாவின் காருக்குக் கடைசியாகத் தெரிந்த இடம் நாகோயா. செய்மதி சொல்லும் வட அகலாங்கு 9.66, கிழக்கு நெட்டாங்கு 80.02 என்ற புள்ளி அதன் வரைபடத்துக்கு வெளியே கிடப்பதால், அதை ஒதுக்கிவிட்டுத் தன் எண்ணிக்கையை மட்டும் நம்பி ஓடுகிறது. வேறு சில மாடல்களில் அம்பு நகராது, அல்லது திரை வெறும் நீலமாக நிற்கும். எதுவானாலும் குறை ஒன்றுதான்: இலங்கை அந்த வரைபடத்தில் இல்லை.

அப்போ வரைபடத்தை மாற்றினால் போதாதா? இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். ஜப்பான் உள்நாட்டுப் பெட்டிகளின் வரைபடம் அந்தந்தத் தயாரிப்பாளரின் சொந்த வடிவத்தில் இருக்கிறது. போனில் உள்ள வரைபடத்தை எஸ்டி கார்டில் ஏற்றிப் போட்டால் அது படிக்காது. பலவற்றில் ஆங்கில மெனு கூடக் கிடையாது. போன் கமராவின் மொழிபெயர்ப்பைத் திரைக்கு நேரே பிடித்துத்தான் மெனுவுக்குள் போக வேண்டும்.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்கிறேன். ஜப்பான் வரைபடம் நமக்கு எதற்கு என்று அந்த எஸ்டி கார்டை எடுத்து எறிந்துவிடாதீர்கள், போனில் போட்டு ஃபோர்மட் செய்துவிடாதீர்கள். சில டொயோட்டா பெட்டிகளில் முழு மென்பொருளும் அந்தக் கார்டில்தான் இருக்கிறது, கார்ட் போனால் ரேடியோவும் ரிவேர்ஸ் கமராவும் சேர்ந்தே போய்விடும். ஒவ்வொரு கார்டிலும் தொழிற்சாலையில் எழுதிய தனி இலக்கம் ஒன்று இருப்பதால், அதைச் சரிபார்க்கும் பெட்டியில் நகல் எடுத்த கார்ட் வேலை செய்யாது. பற்றரியைக் கழற்றும் முன்னும் கேட்டுப் பாருங்கள். முன்னைய உரிமையாளர் கடவு இலக்கம் போட்டிருந்தால் மின்சாரம் போய் வந்ததும் பெட்டி பூட்டிக்கொள்ளும், பிறகு அந்த இலக்கத்தைத் தேடி அலைய வேண்டும்.

ரேடியோவில் பாதி அலைவரிசை பிடிக்காததும் பழுது அல்ல. ஜப்பானில் எஃப்எம் 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி, புதிய பெட்டிகளில் 95 வரை போகும். நம்முடையது 108 வரை. அன்டெனா வயருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு சிறிய எக்ஸ்பாண்டர் பொருத்தினால், 103ல் வரும் ஒலிபரப்பை 20 குறைத்து 83ல் கேட்கலாம். ஸ்டார்ட் செய்ததும் பேசும் அந்தப் பெண் குரல் பெரும்பாலும் நெடுஞ்சாலைக் கட்டணக் கருவியுடையது, "கார்ட் போடப்படவில்லை" என்றுதான் சொல்கிறது. அந்தக் கருவிக்கு இங்கே வேலை இல்லை, தெரிந்த ஒருவரைக் கொண்டு அதன் வயரைக் கழற்றினால் குரல் நின்றுவிடும்.

வழி பார்க்க போன் போதும், அதுதான் என் முடிவு. புதிய கார்களின் திரையில் அண்ட்ரோய்ட் ஓட்டோ (போனில் உள்ளதைக் கார் திரையில் காட்டும் வசதி) இருந்தால் கேபிளால் இணைத்தாலே இலங்கை வரைபடம் வந்துவிடும். இல்லாவிட்டால் போனைத் தாங்கியில் வையுங்கள். பெட்டியையே மாற்றுவதென்றால், டொயோட்டாவில் முகப்பு பெரும்பாலும் 200 மில்லிமீட்டர் அகலம், சாதாரணப் பெட்டி 180 என்பதையும், ஸ்டியரிங் பட்டன்களும் கமராவும் வேலை செய்யத் தனி இணைப்பு வேண்டும் என்பதையும் முதலே பேசிக்கொள்ளுங்கள்.

சித்தப்பா காரில் பழைய பெட்டியே இருக்கிறது. போன வாரம் மெனுவில் "வீடு" என்ற பட்டனை அழுத்திப் பார்த்தோம், நாகோயாவில் ஒரு குடியிருப்பின் மேல் போய் நின்றது, கீழே பழைய உரிமையாளரின் தொலைபேசி இலக்கம். காரை விற்ற அந்த மனிதர் அதை அழிக்க மறந்திருக்கிறார். மொழிபெயர்ப்புக் கமராவைப் பிடித்துப் பிடித்து, அரை மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்துவிட்டோம்.