35-ஆல் வகுத்தால்

என் மேசையில் இரண்டு டாங்கிகள் நிற்கின்றன. சின்னது ஜப்பானியரின் டைப் 95 ஹா-கோ, பன்னிரண்டரை சென்டிமீட்டர் நீளம். பெரியது டைப் 97 சி-ஹா, பதினாறு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டும் பிளாஸ்டிக். ஜன்னலுக்கு வெளியே, கடை வரிசையைத் தாண்டினால், ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்குப் போகும் பழைய சாலை. 1942 ஜனவரி 7 அன்று இந்த இரண்டு வகை டாங்கிகளும் அந்தச் சாலையில்தான் வந்தன.

எங்கள் ஊர் சிலிம் ரிவர். இன்று சுற்றிலும் செம்பனை. எங்கள் தாத்தா காலத்தில் எல்லாம் பால்மரம், அதாவது ரப்பர். ஜப்பான்காரன் காலத்துக் கதைகளைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். ஆனால் அந்தக் கதைகளில் வந்த டாங்கி எவ்வளவு பெரியது, எவ்வளவு கனம், ஒரு தோட்டத்துச் சாலையில் அது எப்படித் திரும்பும் என்பதெல்லாம் எனக்குப் புரிந்ததே, இந்தச் சின்ன மாதிரி வண்டிகளைச் செய்ய ஆரம்பித்த பிறகுதான்.

இவை 1/35 அளவு. அதாவது நிஜ வண்டியின் ஒவ்வொரு நீளத்தையும் 35-ஆல் வகுத்துச் செய்தவை. ஏன் 35? 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா நிறுவனம் ஜெர்மன் பாந்தர் டாங்கியின் மாதிரி ஒன்றைச் செய்தது. ஓடக்கூடிய மாதிரி. உள்ளே ஒரு மோட்டாரும் இரண்டு பேட்டரிகளும் அடங்க வேண்டும் என்பதுதான் அதன் அளவைத் தீர்மானித்தது. பிறகு கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ முப்பத்தைந்தில் ஒரு பங்கு வந்தது. அந்த மாதிரி நன்றாக விற்றது. அடுத்து வந்தவையும் அதே அளவில் வந்தன, மற்ற நிறுவனங்களும் பின்பற்றின. இன்று உலகம் முழுக்க ராணுவ வண்டி சேகரிப்பவர்களின் அலமாரியில் இருக்கும் அளவு, பேட்டரியிலிருந்து பிறந்தது.

சரி, 35-ஆல் வகுத்தால் எல்லாமே சேர்ந்து குறைந்துவிடுமா? இல்லை. அங்கேதான் விஷயம் சுவையாகிறது.

நீளம் 35-இல் ஒரு பங்கு ஆகும்போது பரப்பு 35 × 35, அதாவது 1,225-இல் ஒரு பங்கு ஆகிறது. கன அளவு 42,875-இல் ஒரு பங்கு. எடை கன அளவோடு போகும். சி-ஹாவின் எடை சுமார் 15 டன். 42,875-ஆல் வகுத்தால் 350 கிராம். ஒரு கிளாஸ் தே தாரேக் தேநீரைக் கையில் ஏந்துகிற கனம்தான். 7.4 டன் ஹா-கோ 173 கிராம் ஆகிவிடும். பரப்பும் எடையும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை என்பதை 1638-லேயே கலிலியோ விளக்கியிருக்கிறார். பெரிய விலங்குக்கு எலும்பு உயரத்துக்குத் தக்கபடி நீண்டால் மட்டும் போதாது, அதைவிட அதிகமாகத் தடிக்க வேண்டும் என்று அவர் காட்டியது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இதன் விளைவை மாதிரி செய்கிறவன் தினமும் பார்க்கிறான். எடை 42,875-ஆல் குறைகிறது. அந்த எடையைத் தாங்கும் சங்கிலிப் பட்டையின் பரப்போ 1,225-ஆல் மட்டும் குறைகிறது. ஆகவே தரையில் அழுத்தம் 35 மடங்கு குறைவு. நிஜ டாங்கி ஈர மண்ணில் பதிந்து தடம் போடும். என் டாங்கியை அதே செம்மண் சேற்றில் வைத்தால் இலை விழுந்த மாதிரி மேலேயே உட்கார்ந்திருக்கும். தடத்தை நான்தான் கையால் அழுத்திச் செதுக்க வேண்டும். மணலும் அப்படித்தான். அரை மில்லிமீட்டர் மணல் துகளைப் பக்கத்தில் கொட்டினால், அந்தச் சின்ன உலகத்தில் அது கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர் ஜல்லி. எனவே வீட்டுப் பின்பக்கத்துச் செம்மண்ணைக் காயவைத்து, இடித்து, பழைய வேட்டித் துணியில் சலித்து, மாவாக எடுத்துக்கொள்கிறேன்.

நேரமும் மாறும். ஓடுகிற பொம்மை டாங்கியைப் பார்த்தால் உடனே பொம்மை என்று ஏன் தெரிகிறது? அதன் குலுக்கல்தான் காட்டிக்கொடுக்கிறது. ஸ்பிரிங்கில் உட்கார்ந்த வண்டி ஒரு முறை மேலும் கீழும் ஆட எடுக்கும் நேரம், அந்த ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறது என்பதன் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அமுங்கும் அளவு 35-இல் ஒரு பங்கானால் ஆட்டம் ஏறத்தாழ ஆறு மடங்கு வேகமாகும். நிஜ டாங்கி படகு போல மெதுவாக ஆடி நிற்க, மாதிரி வண்டி நடுங்குகிறது. சினிமாவில் சின்ன மாதிரிகளை வைத்துப் படமெடுப்பவர்கள் கேமராவை வேகமாக ஓட்டி, பிறகு மெதுவாகக் காட்டுவது இதைச் சரிக்கட்டத்தான்.

ஹா-கோவுக்கே இந்த ஆட்டத்தில் ஒரு பழைய கதை உண்டு. அதன் பக்கவாட்டுச் சக்கரங்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து, படுக்கைவாட்டு ஸ்பிரிங்கோடு இணைந்திருக்கும். ஜப்பானிய அதிகாரி தோமியோ ஹாரா உருவாக்கிய எளிய, உறுதியான அமைப்பு. ஆனால் மஞ்சூரியாவின் சோள வயல்களில் பாத்திகளின் இடைவெளியும் சக்கரங்களின் இடைவெளியும் ஒத்துப்போய், வண்டி முன்னும் பின்னும் பயங்கரமாக ஆட்டம் போட்டது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளித் தள்ளி உயரே அனுப்புகிறோமே, அதே தத்துவம். அந்த நிலத்துக்கென்றே சக்கர ஜோடிகளுக்கு நடுவே ஒரு சின்னச் சக்கரம் சேர்த்த தனி வகை செய்தார்கள். மாதிரியை வாங்கும்போது பக்கவாட்டில் அந்தச் சின்னச் சக்கரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மலாயா வண்டி வேண்டுமென்றால் அது இருக்கக் கூடாது.

இனி இரும்புத் தகடு. ஹா-கோவின் கவசத்தில் தடித்த இடமே 12 மில்லிமீட்டர். 35-ஆல் வகுத்தால் 0.34, விசிட்டிங் கார்டு கனம். சி-ஹாவின் முன்பக்கம் 25 மில்லிமீட்டர். உங்கள் பையிலிருக்கும் மைகாட் அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள், அதன் கனம் 0.76 மில்லிமீட்டர். 35-ஆல் பெருக்கினால் சி-ஹாவின் முன் தகடுதான், ஒரு இழை கூடவே வரும். பிளாஸ்டிக்கை அவ்வளவு மெல்லியதாக வார்த்தால் வளையும், உடையும். அதனால் கடையில் வாங்கும் கிட்டில், அதாவது பாகங்கள் அடங்கிய பெட்டியில், வரும் சுவர்கள் இதைவிடப் பலமடங்கு தடிமன். மூடியைத் திறந்து வைக்கும்போது நான் அதன் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து மெலிதாக்குவது இதனால்தான். அப்படி மெலிந்த விளிம்பைப் பார்க்கும்போது மனசு கொஞ்சம் கலங்கும். இவ்வளவு மெல்லிய தகட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தா வந்தார்கள்? இவ்வளவு மெல்லிய தகடா ஒரு டிவிஷனையே சிதறடித்தது?

அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பசை.

இந்தக் கிட்டுகள் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். ஒட்டுவதற்கு வரும் நீர்த்த பசையில் பெரும்பாலும் அசிட்டோன், பியூட்டைல் அசிட்டேட் போன்ற கரைப்பான்கள். சாதாரணப் பசை இரண்டு பொருளுக்கு நடுவே உட்கார்ந்து இரண்டையும் பிடித்துக்கொள்ளும். இதுவோ வேலை முடிந்ததும் ஆவியாகிக் காணாமல் போய்விடும். பாலிஸ்டைரீன் என்பது நீள நீள மூலக்கூறுச் சங்கிலிகளின் இடியாப்பச் சிக்கல். இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் தூரிகையால் தொட்டால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி திரவம் தானே உள்ளே ஓடும். இரு பக்கத்து இடியாப்பமும் இளகி, இழைகள் எதிர்ப்பக்கத்துக்குள் நுழைந்து பின்னிக்கொள்ளும். கரைப்பான் போனதும் இறுகிவிடும். அப்புறம் அங்கே இணைப்பு என்று ஒன்றே இல்லை, ஒரே பிளாஸ்டிக்தான்.

இதே வேதியியல் ஒருமுறை என்னை அழவைத்தது. பல வருடங்களுக்கு முன் வாங்கிய பழைய கிட் ஒன்றில் சங்கிலிப் பட்டைகள் மெத்தென்ற வினைலில் இருந்தன. வினைல் இயல்பாகவே விறைப்பானது. அதை வளையவைக்க எண்ணெய் மாதிரி ஒரு சேர்மானம் கலப்பார்கள். அது வருடக்கணக்கில் கசிந்து வெளியே வரும். பாலிஸ்டைரீன் மேல் பட்டால் கரைப்பான் போலவே அதை இளக்கிவிடும். தகரக் கூரைக்குக் கீழே எங்கள் வெக்கையில் இன்னும் சீக்கிரம். அலமாரியிலிருந்து எடுத்தபோது பட்டை தொட்ட இடமெல்லாம் சக்கரங்கள் வெண்ணெய் போல உருகிப் பள்ளம் விழுந்திருந்தன. நீங்கள் பழைய கிட் சேர்ப்பவர் என்றால் இன்றே பெட்டியைத் திறந்து, மெத்தென்ற பட்டைகளைத் தனிப் பையில் போட்டுவிடுங்கள். செய்து முடித்த வண்டியில் சக்கரத்துக்கும் பட்டைக்கும் நடுவே நல்ல பெயின்ட் பூச்சு இருந்தால் ஓரளவு காப்பாற்றும்.

பெயின்டுக்கும் எங்கள் வானிலை ஒத்துழைப்பதில்லை. மாலை மழைக்கு முன், காற்றில் ஈரம் கனக்கும் நேரத்தில் லாக்கர் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிகிறது. அதனால் வெயில் நன்றாக ஏறிய காலை நேரத்தில்தான் அடிப்பேன்.

ஜப்பானிய டாங்கிகளின் பல நிறத் திட்டுகளைப் பிரித்து அடிக்க, அடிக்கக் கூடாத இடத்தை மறைக்கும் திரவம் ஒன்று உண்டு. முதல்முறை அந்தப் புட்டியைத் திறந்தபோது வந்த வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன். தோட்டத்துப் பால் ஸ்டோர் வாசனை! அது வேறொன்றும் இல்லை, அமோனியா கலந்த ரப்பர் பால். பாலில் மிதக்கும் ரப்பர் துளிகள் ஒன்றையொன்று மின்னூட்டத்தால் விலக்கிக்கொண்டிருக்கும். கிருமிகள் அமிலம் உண்டாக்கினால் அந்த விலக்கம் போய் உறைந்துவிடும். அமோனியா அதைத் தடுக்கும். தூரிகையால் தடவியதும் அமோனியா பறந்து, பால் மெல்லிய தோலாகி, பெயின்ட் காய்ந்ததும், மரத்தில் பால் பிடிக்கும் மங்கில் ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலைப் போல உரித்தெடுக்கலாம். எங்கள் ஊர் மரத்தின் பால் எங்கள் ஊருக்கு வந்த டாங்கிக்கு வண்ணம் பிரிக்கிறது.

இனி அந்த மெல்லிய தகட்டுக்கு வருகிறேன். அன்று மலாயாவில் பிரிட்டிஷ் தரப்பிடம் டாங்கியே கிடையாது. இந்த நாட்டுக்கு டாங்கி சரிப்படாது என்ற எண்ணம் மேலிடத்தில் இருந்தது. துரோலாக்கிலிருந்து சிலிம் ரிவர் வரை சாலையைக் காத்தது 11-ஆவது இந்திய டிவிஷன். பஞ்சாபியர், ஹைதராபாத் படையினர், கூர்க்காக்கள், அவர்களோடு ஸ்காட்லாந்துக்காரர்கள். வடக்கே ஜித்ராவிலிருந்து வாரக்கணக்கில் பின்வாங்கி ஓய்ந்துபோனவர்கள். அந்த இந்திய வீரர்களில் பலர் மலாயாவுக்கு வரும்முன் டாங்கியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அவர்களிடம் இருந்த டாங்கி எதிர்ப்பு பீரங்கியின் குண்டு, மைகாட் கனத் தகட்டைத் துளைக்கக் கூடியதுதான். கவசம் ஜெயித்தது என்று சொல்ல முடியாது.

பின் எது ஜெயித்தது? என் மேசையில் 1/35 அளவில் சாலையை வரைந்து பார்த்தேன். இருபதடிச் சாலை பதினேழு சென்டிமீட்டர் அகலம் வரும். சி-ஹா கிட்டத்தட்ட ஏழு சென்டிமீட்டர் அகலம். இரண்டு வண்டிகள் பக்கம் பக்கமாக நின்றால் மிஞ்சுவது சில சென்டிமீட்டர்தான். இரு பக்கமும் பள்ளமும் மரமும். ஆகவே வரிசையாகத்தான் வர முடியும், முன்னால் ஒன்று நின்றால் பின்னால் எல்லாம் நிற்கும். அன்று விடியற்காலை மூன்றரை மணிக்குமேல் துரோலாக்குக்கு வடக்கே அதுதான் நடந்தது. முதல் டாங்கிகள் கண்ணிவெடியில் சிக்க, பின்னால் வந்தவை வரிசையாக அடைத்துக்கொண்டு நின்றன.

ஆனால் அந்தச் சாலையை ஏற்கெனவே நேராக்கியிருந்தார்கள். பழைய வளைவுகள் கைவிடப்பட்ட துண்டுச் சாலைகளாக ரப்பர் மரங்களுக்குள் போய், மறுபடி பெரிய சாலையில் சேர்ந்தன. மேஜர் ஷிமடாவின் டாங்கிகள் அந்த வளைவைக் கண்டுபிடித்து, தடுப்பைச் சுற்றிக்கொண்டு பின்புறமாக வந்துவிட்டன. அப்புறம் நிற்கவே இல்லை. தொலைபேசித் தொடர்பு அறுந்துபோக, செய்தி டாங்கிக்குப் பின்னால்தான் வந்தது. காலை ஒன்பது மணிக்கெல்லாம் சிலிம் ஆற்றுப் பாலம் அவர்கள் கையில். பாலத்தைத் தகர்க்க வைத்திருந்த வெடிக் கம்பியை லெப்டினன்ட் வத்தனபே இறங்கி வாளால் வெட்டினார். பாலத்தைத் தாண்டியும் சில மைல் போய், ஒரு பீரங்கி முதல் டாங்கியை நேராக அடித்த பிறகுதான் நின்றார்கள். ஜனவரி 11-இல் கோலாலம்பூர் விழுந்தது. அடுத்த ஆண்டுகளில் இதே தோட்டங்களிலிருந்து ஆட்களை லாரியிலும் ரயிலிலும் ஏற்றி சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பாதவர்கள் எங்கள் குடும்பத்திலும் உண்டு. அதனால்தான் இந்த வண்டிகளைப் பளபளவென்று அணிவகுப்பில் வருவது போல் வைக்க எனக்கு மனம் வருவதில்லை. தூசியோடு, அந்தச் சாலையோடு சேர்த்துத்தான் வைக்கிறேன்.

அவசரகாலம் என்று சொல்லப்படும் மலாயா கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக் காலத்து வண்டிகள் அடுத்த அலமாரி. 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் கொல்லப்பட்டதும் அது தொடங்கியது. ஆறு சக்கர சாரசன் கவச வண்டியை பிரிட்டன் அவசரமாக உற்பத்திக்குக் கொண்டுவந்ததே மலாயாவுக்காகத்தான். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

இப்போது செய்துகொண்டிருப்பது அந்த வளைவுச் சாலை. பால்மரத்துக்குப் பென்சில் போதும், 25 சென்டிமீட்டர் அடிமரத்தை 35-ஆல் வகுத்தால் சரியாகப் பென்சில் கனம். இருபது மீட்டர் மரம் அரை மீட்டருக்கு மேல் போய்விடும் என்பதால் அடிமரம் மட்டும். நாற்பது பென்சில்களை நிரை பிடித்து நட்டு, ஒவ்வொன்றிலும் பிளேடால் சாய்வாக வெட்டுக்கோடு போட்டு, கீழே துளி வெள்ளைப் பெயின்டோடு மங்கும் வைத்தேன். முப்பது வருடம் பால் வெட்டிய பெரியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். டாங்கியை அவர் பார்க்கவே இல்லை. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மரங்களிடம் குனிந்தார்.

“ஏம்ப்பா, வெட்டு இப்படியா போகும்? இந்த மரத்துல பால் வராது.”

நான் வலது மேலிருந்து இடது கீழாக வெட்டியிருந்தேன். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேர் செங்குத்தாக இல்லை. மேலே போகப் போக வலப்பக்கம் சில டிகிரி சாய்ந்து போகின்றன. இடது மேலிருந்து வலது கீழாக வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். பெரியம்மாவுக்கு இந்தக் காரணத்தை யாரும் சொன்னதில்லை. கைக்குத் தெரிந்திருந்தது.

நாற்பதையும் பிடுங்கிவிட்டேன். பெரியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பென்சிலையும் பிளேடையும் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.